மாட்டைப் பூட்டி அவிழ்த்தவர்

போன மாதம் ஒத்திகை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஏனுங்க பெரியவரே, கடைசியில கதாநாயகன் செத்துப்போனா அது சோக நாடகம், அவன் சோக நாயகன். அவ்வளவுதானுங்களே?"

நான் டீயைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. என் வாயில் எதுவுமே ஒரு வரியில் வராது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து சொல்கிறேன். நம் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததெல்லாம், ஊர் ஊராக நாடகம் போடப் போனபோது வகுப்பறையை மேக்கப் ரூமாகக் கொடுத்தார்கள் என்பதால்தான். அப்படிப் பார்த்தால் கோயமுத்தூர் ஜில்லாவிலும் ஈரோடு ஜில்லாவிலும் நான் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் குறைவு.

பகலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பேன். பொழுது சாய்ந்தால் முகத்துக்குச் சாயம். சுவர் திருப்பிப் பேசாது, முகம் பேசும், அது ஒன்றுதான் வித்தியாசம். முப்பது வருசம் முகத்தில் பூசும் முத்துவெள்ளைப் பொடியும் அதைத் துடைக்கும் தேங்காய் எண்ணெயுமாகப் போயிற்று. அத்தனை முகத்திலும் ஒரு முகத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். அது செங்கோடனின் முகம்.

உங்களில் பாதிப் பேர் அந்த நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 'மடைச்சாவி' என்று பெயர். எழுதியவர் நம் வாத்தியார். தொண்ணூறுகளில், வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில், அதை ஊர் ஊராகப் போட்டோம். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. செங்கோடன் ஓர் ஊரின் பெரியவர். வாய்க்கால் மடையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார். வறட்சியில் தன் வயலைக் காயவிட்டு இல்லாதவனின் முறையைக் காப்பாற்றியவர். சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவர். முறை தவறி மடையைத் திறந்தவன் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, அந்த வீட்டுக்கு வண்டி கொடுக்கக்கூடாது என்று ஊர் நடுவில் அவர் சொல்லிவிடுகிறார். திறந்தவன் அவருடைய சொந்தத் தம்பி கந்தன். ஒரு விதவையின் பயிர் கருகுவதைப் பார்க்கச் சகிக்காமல் திறந்துவிட்டான். அண்ணன் சொன்ன சொல் தம்பியின் தலையிலேயே விழுகிறது. பிறகு தம்பியின் குழந்தைக்குக் காய்ச்சல் காண்கிறது. வைத்தியரிடம் கொண்டுபோக அன்றைக்கு ஊரில் இருப்பது செங்கோடனின் வண்டி ஒன்றுதான். தம்பி கேட்க வரவில்லை. செங்கோடன் தானாகவே எழுந்துபோய் மாட்டைப் பூட்டுகிறார். நுகத்தடியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார். பிறகு அவிழ்த்துவிடுகிறார். குழந்தை பிழைக்கவில்லை.

செங்கோடன் சாகமாட்டார். அதை முதலில் கவனியுங்கள். அவர் நாடகம் முடிந்த பிறகும் உயிரோடுதான் இருப்பார்.

மேடையில் மாடு கிடையாது. நுகத்தடியும் கயிறும்தான். மாடு இருப்பதாகக் காட்டப் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று நான் சலங்கை ஆட்டுவேன். பூட்டும்போது ஆட்ட வேண்டும், அவர் நிற்கும்போது நிறுத்த வேண்டும், அவிழ்க்கும்போது ஒரே ஒரு தடவை. அந்தக் காட்சியில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

செங்கோடனாக வேசம் கட்டியவர் காதர் பாய். கோட்டைமேட்டில் தையல் கடை. நல்ல உயரம், நெஞ்சில் கை வைத்து அவர் பேச ஆரம்பித்தால் கடைசி வரிசையில் பொரி தின்பவன்கூட வாயை மூடிவிடுவான். எங்கள் எல்லோருடைய வேட்டி சட்டையும் அவர் தைத்ததுதான். 'இத்தனை வருசமா உங்களுக்கெல்லாம் அளவெடுத்து என்ர பார்வை போச்சு' என்பார். இது கதைக்குத் தேவையில்லை, ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆட்டத்தன்று நான் ஒரு வேலை செய்தேன். கதை முழுக்க எனக்குக் காதால் கேட்டே மனப்பாடம். இந்த மனுசன் கடைசியில் என்ன ஆகப்போகிறார் என்று தெரியும். அதனால் முதல் காட்சிக்கே அவர் கண்ணுக்குக் கீழே கருமையைக் குழைத்துத் தேய்த்து, கன்னத்தை ஒடுக்கி, நெற்றியில் இரண்டு கோடு இழுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அழுகை வந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாத்தியார் உள்ளே வந்தார். பாய் முகத்தைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்த் துணியை எடுத்துத் தானே துடைத்தார். திரை தூக்கக் கால் மணி நேரம்கூட இல்லை.

"ஏனுங்க வாத்தியாரே, அவரு அழிஞ்சு போறவருங்களே" என்றேன்.

"அழிஞ்சு போவாருன்னு உனக்குத் தெரியுமப்பா. அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எதுக்கு அவரு மூஞ்சியில எழுதி வெச்சே? ஊர்லயே நல்ல மூஞ்சியா இருக்கோணும் இந்தாளுக்கு. கல்யாண மாப்பிள்ளையாட்டப் பண்ணு. இவருகிட்டப் போயி நம்ம நாயம் கேக்கலாம்னு சனத்துக்குத் தோணோணும். அப்பத்தான் அவரு விழும்போது பாக்கறவனுக்குக் கால் நடுங்கும்."

அவசரத்தில் பூசியதுதான். ஆனால் அந்த முகம் மேடைக்குப் போனதும் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் படுதா ஓரமாகப் பார்த்தேன். அன்றைக்குத்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் முதல் பாதி எனக்குப் புரிந்தது. மனுசன் உயர்ந்தவனாக இருக்க வேண்டும். பணத்தில் அல்ல, நாலு பேர் நம்புகிற ஒரு குணத்தில். அந்தக் குணமே அவனைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். செங்கோடனை ஊர் கும்பிட்டது எதற்காக? சொன்ன சொல் மாறாததற்காக. குழந்தை போனது எதனால்? அதே சொல்லால். முதல் காட்சியில் கைதட்டல் வாங்கித் தரும் குணத்துக்கும் கடைசிக் காட்சியில் வீட்டை இருட்டாக்கும் குணத்துக்கும் ஒரே சாயம்தான். இரண்டு டப்பா தேடாதீர்கள்.

மற்ற பாதியை நான் கற்றுக்கொண்டது என் தப்பால்.

கோபிசெட்டிபாளையத்தில் இந்த நாடகத்தைப் போட்ட கொஞ்ச நாளில், பக்கத்தில் வாய்க்கால் பாயும் ஓர் ஊரிலிருந்து நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வந்து போடச் சொல்லி அழைத்தார்கள். "இதே நாடகந்தான் வேணும்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து வாத்தியார் துடியலூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கால் எலும்பு முறிந்து கட்டோடு கிடந்தார். "இருக்கறதுல நீதான் மூத்தவன், பாத்துக்க" என்று என்னிடம் விட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய்க்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர், தோட்டத்துக்காரர் நல்லசாமி, உள்ளே வந்தார். எழுபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வேட்டி. பேச்சில் அப்படி ஒரு மரியாதை.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா? இளநி வெட்டச் சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பித்தார். இளநீர் வந்தது, குடித்தோம். பிறகு மெதுவாகச் சொன்னார். "நோம்பி நாள்ல கொழந்தை சாகறதே சங்கடமுங்க. செரி, அது கதை, இருக்கட்டும். அந்தப் பெரியவரு மாட்டைப் பூட்டிப்போட்டு அவுக்கறாராமா? அது மட்டும் வேண்டாமுங்க. பெரிய மனுசனை அப்படிக் காட்டலாமுங்களா? காச்ச விசயமே அவருக்குத் தெரியாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க. தெரிஞ்சா போயிருப்பாருங்க. போகாம இருப்பாருங்களா?"

நான் யோசித்தேன். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. மறுத்தால் ஆட்டமே நின்றுபோகலாம். வாத்தியாரைக் கேட்கலாம் என்றால் எஸ்டிடி பூத்துக்கு மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? இதெல்லாம் காரணமில்லை. எழுத்து தெரியாத நான் நாடகத்தைக் காதால்தான் பிடித்து வைத்திருந்தேன். வசனம் இருந்தால்தான் எனக்கு அது காட்சி. அந்தக் காட்சியில் வசனமே இல்லை. ஒன்றுமே பேசாத ஓர் இடத்தை எடுத்தால் என்ன போய்விடும் என்று நினைத்துவிட்டேன்.

"செரிங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனதும் பாய் ஒட்டின மீசையோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, அதை எடுத்துப்போட்டா இவன் ஆருங்க? விசயம் தெரியாத ஒரு ஆளு. லெட்டர் நேரத்துக்கு வந்திருந்தா கதை முடிஞ்சுது. அதுக்கு நான் எதுக்கு வேசம் கட்டோணும்? ஒரு தபால்காரரு போதுமே."

"மீசை கழண்டுக்கும், பேசாதீங்க பாய்."

"அந்த ஒரு எடத்துக்காகத்தானுங்கண்ணா நான் கடையைச் சாத்திப்போட்டு வாரேன்."

"ஒரு நாளைக்குத்தானுங்களே."

பாய் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கந்தன் வேசக்காரரைக் கூப்பிட்டுக் கடைசிக் காட்சிக்கு அவசரமாக ஒரு வசனத்தைச் சேர்த்தோம். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க வந்திருப்பீங்கண்ணா" என்று தம்பி சொல்ல வேண்டியது, அண்ணன் அழ வேண்டியது.

அப்படியே போட்டோம். கைதட்டல் நன்றாகவே இருந்தது. அந்த வசனம் வந்தபோது முன்வரிசையில் நல்லசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையேறிப் பாய்க்கு மாலை போட்டார். ஆனால் ஜனங்கள் கலைந்து போனபோது சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்கள். மற்ற ஊர்களில் அப்படி இல்லை. மற்ற ஊர்களில் இந்த நாடகம் முடிந்தால் எழுந்து நிற்பார்கள், துண்டை உதறுவார்கள், பேசமாட்டார்கள்.

மைக்செட் போட்டவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, மாட்டைப் பூட்டற சீன் எங்கீங்க?"

சொன்னேன். அவர் ஒயரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுக்காகத்தானுங்க ஊரே இந்த நாடகத்தை வேணும்னு சொன்னது. நல்லசாமி அய்யாவுக்கும் அவரு தம்பிக்கும் பதினொரு வருசமாப் பேச்சு இல்லீங்க. ஏதோ வரப்புத் தகராறு. ஊடு எரிஞ்சாலும் உன்ர வாசலை மிதிக்க மாட்டேன்னு கோயல்ல வெச்சுச் சொல்லிப்போட்டாரு. அவரு சொன்னா மாற மாட்டாருங்க, அதுல அவருக்கு அத்தனை பேரு. இப்பத் தம்பி படுத்த படுக்கையா இருக்கறாருங்க. வாயைத் தொறந்து கேக்கறதில்லை, வாசப்படியையே பாத்துட்டுக் கெடக்கறாருங்களாமா. பெரியவருகிட்ட ஆரு போய்ச் சொல்லறது? நாடகத்துல பாத்தாலாச்சும் மனசு எளகாதான்னு நெனச்சோமுங்க."

நான் சலங்கையை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அன்றைக்கு அதை நான் தொடவே இல்லை.

மறுநாள் துடியலூர் போய் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சனம் அழுதுதா?" என்று கேட்டார்.

"கை தட்டுனாங்க. அவரு ஒருத்தரு அழுதாருங்க."

"அழுவாரு. நீ அவருக்கு நல்லவன்னு சீட்டு எழுதிக் குடுத்துப்போட்டே, அழாம?"

தலையணைமேல் இருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "தப்பே பண்ணாத மனுசனுக்குக் கெட்டது நடந்தா அது ஆக்சிடெண்ட்டப்பா. பாவம்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க. கெட்டவன் அழிஞ்சா நிம்மதி, அதுக்கும் ஊட்டுக்குப் போயிருவாங்க. நம்ம ஆளு இது ரெண்டும் இல்லை. வண்டி இருக்குது, மாடு இருக்குது, வழி தெரியும், மனசும் எந்திரிச்சுப் போச்சு. பூட்டவும் பூட்டிப்போட்டாரு. தடுக்கறதுக்கு ஒரு ஆள் கெடையாது, அவரைத் தவிர. அந்த எடத்துல நானா இருந்தாலும் அவுத்திருப்பனோன்னு பாக்கறவனுக்கு ஒரு பயம் வருது பாரு, அதுக்குத்தான் நாடகம். நீ அதைத்தான் எடுத்தே."

"இனி என்னங்க பண்றது?"

"என்ன பண்றது? நாடகம் நம்மது. அந்த ஊடு நம்மது இல்லையே. எனக்கு மட்டும் கால் நல்லா இருந்தாலும் என்னத்தைப் பண்ணியிருப்பனோ, போ."

மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி இறந்துவிட்டார் என்று மைக்செட்காரர் சொல்லி அனுப்பினார். நல்லசாமி கடைசிவரை போகவில்லை. உடலை எடுத்த பிறகுதான், ஊரோடு ஊராகச் சுடுகாட்டுக்கு நடந்தாராம்.

ஒரு நாடகத்தைப் பார்த்து மனுசன் மாறிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காட்சியைப் போட்டிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்க வேண்டிய நாளில் பார்க்க விடாமல் செய்தது என் கை. அதை நான் வேறு யார் மேலும் இறக்கி வைக்க முடியாது.

அதன் பிறகு ஒரு நாள் நல்லசாமி கோட்டைமேட்டுக்குப் பாய் கடையைத் தேடிக்கொண்டு வந்தாராம். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "அடுத்தது எங்கீங்க போடறீங்க? எதுவும் எடுக்காமப் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியில் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

கொடுமுடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம். படுதா ஓரமாகப் பார்த்தேன். நல்லசாமி கடைசி வரிசையில் தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. காவேரியில் முழுகிவிட்டு வந்திருக்கிறார். தம்பிக்குச் செய்யும் காரியத்தில் அந்தத் தம்பியின் மகன்களோடு சேர்ந்து நிற்க அவருக்கு வழியில்லை. தனியாக முழுகியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காட்சி வந்தது. பாய் நுகத்தடியைத் தூக்கினார். நான் சலங்கையை ஆட்டினேன். பாய் நின்றார், நிறுத்தினேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. மண்டபத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு கயிறு அவிழ்ந்தது. ஒரே ஒரு தடவை ஆட்டினேன்.

கடைசிக் காட்சியில் வாத்தியார் எழுதியதை எழுதியபடியே போட்டோம். செங்கோடன் தம்பி வீட்டு வாசலுக்கு வருகிறார். தம்பி திட்டமாட்டான். "சலங்கைச் சத்தம் கேட்டுதுங்கண்ணா. நீங்க வாரீங்கன்னு பாயெல்லாம் விரிச்சு வெச்சனுங்க" என்பான். செங்கோடன் இடுப்பிலிருந்து மடைச்சாவியை எடுத்து அந்த வாசலில் வைத்துவிட்டு நிற்பார். கண்ணீர் கிடையாது. எனக்குத் தெரியாது என்றோ, ஊர்க் கட்டுப்பாடு என்றோ, விதி என்றோ ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவிழ்த்தது தான்தான் என்று அவருக்கே தெரிந்துபோகும். அதோடு திரை. உங்களில் ஒருவர் கேட்டீர்களே, செத்தால் போதுமா என்று. சாவது சுலபம். அந்த வாசலில் நிற்க வேண்டும்.

யாரும் கை தட்டவில்லை. எழுந்து நின்றார்கள், துண்டை உதறினார்கள்.

மேக்கப் ரூமில் பாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் எண்ணெய்த் துணியோடு அவர் பக்கம் குனிந்தபோது கதவோரத்தில் நல்லசாமி நின்றார். "வாங்க, உக்காருங்க" என்றேன். பாய்க்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடி. இரண்டு பெரிய மனுசர்களின் முகம் அதில் தெரிந்தது, ஒன்று சாயம் பூசியது.

"ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றார். "கோபியில போட்ட நாடகத்தைப் பத்தி எங்கிட்டச் சொன்னாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆரோ பாத்துப்போட்டு உங்ககிட்டச் சொல்லி, நாடகமா எழுதிப்போட்டாங்கன்னு நெனச்சேனுங்க."

"எதைங்க?"

"நீங்க கோபியில போடறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. தம்பிக்கு ரொம்ப முடியலீன்னாங்க. காரை எடுத்தனுங்க. டிரைவர் இல்லை, நானேதான். வாய்க்காப் பாலம் வரைக்கும் போயிட்டனுங்க. பாலத்துமேல வண்டியை நிறுத்தி, இஞ்சினை அமத்தாம, அப்படியே உக்காந்திருந்தேன். அப்பறம் திருப்பிப்போட்டேன்."

பாய் கண்ணைத் திறந்தார். துடைப்பதற்கு எடுத்த துணி என் கையிலேயே இருந்தது.

"ஆருக்கும் தெரியாதுங்க. ஆரும் பாக்கலை. அதனாலதான் அந்தச் சீனை எடுக்கச் சொன்னேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மொத ஊடுதானுங்க அவனுது." அவர் கண்ணாடியைப் பார்க்காமல், மேசை மேல் கிடந்த சலங்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை ஊர்ல சலங்கை ஆட்டறீங்க. நீங்க சொல்லுங்க. காரு சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமுங்களா?"

நான் குனிந்து பாயின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். நல்லசாமி காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து, வந்தபோது எப்படிக் கும்பிட்டாரோ அப்படியே கும்பிட்டுவிட்டு, "வாரேனுங்க" என்று சொல்லிப் படியிறங்கினார். சலங்கை அங்கேயே கிடந்தது. அவர் வாசலைத் தாண்டும்வரை நான் அதை எடுக்கவில்லை. பிறகு ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றி, சத்தம் வராமல் பெட்டிக்குள் வைத்தேன். நம் பெட்டியில் அது இன்னும் அப்படித்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு மட்டும் அந்தத் துண்டைப் பிரியுங்கள்.